கடலை ஆலைக்காரர் கட்டிய மூன்று பங்களாக்கள்

சித்தூரில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள், யாரென்றே தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன். என் தமிழ் அவர்களுக்குப் புரிந்தது, நான் சொன்ன சங்கதிதான் புரியவில்லை. "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். "ரெண்டும் இல்லைங்க, இந்தக் கட்டடத்தைப் பார்க்க வந்தேன்" என்றேன். "துன்னுட்டுப் பாருங்கம்மா. கட்டடம் எங்கியும் ஓடிப்பூடாது" என்று சொல்லிக்கொண்டே இலையில் தண்ணீர் தெளித்தார்.

புளிச்சக்கீரைத் துவையலை இலை ஓரத்தில் ஒரு சிட்டிகைதான் வைத்தார்கள். அதுவே காதுவரை எரிந்தது.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அரசாங்க மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவள். என் அப்பா கோவிந்தசாமி போன வருடம் காலமானார். இளம் வயதில் சித்தூர் ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரைப் பற்றிக் கேட்டால் "ஒரு கடலை எண்ணெய் ஆலையில வேலை பார்த்தேன்" என்பார், அதோடு சரி. காரியமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது, பென்ஷன் காகிதங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது.

பெரிய மாடி வீடு. முகப்பில் இரண்டு பக்கமும் சுதையில் செய்த யானைகள். வீட்டின் இடது பக்கத்தில் சுருள் சுருளாக ஏறும் இரும்புப் படிக்கட்டு. பின்னால் மங்கலாக ஒரு மலை. முகப்புக்கு முன்னால் மீசை அரும்பிய என் அப்பா நிற்கிறார். அவருக்கு ஒரு முழம் தள்ளிப் பட்டுப் புடவையும் நெற்றிச் சுட்டியுமாக ஒரு பெண். வயது பதினேழு பதினெட்டு இருக்கும். படத்தின் பின்னால் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: பங்களா.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அப்பா படத்துக்கு விளக்கேற்றவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஏற்றவில்லை. "அம்பத்தாறு வருசம் ஒண்ணா இருந்தோம். இப்படி ஒரு படம் இருக்குன்னு ஒரு நாள் சொன்னாரா? இந்தப் பொண்ணு யாருன்னு தெரியாம நான் அவருக்கு எதையும் படைக்க மாட்டேன்" என்றார். முதல் வருடத் தெவசத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "செத்துப்போனவரை விட்டுடும்மா" என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அம்மா அவனோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதனால்தான் நான் கிளம்பி வந்தேன்.

கைபேசியில் தேடித் தேடி, சித்தூரில் ஓர் ஆலைக் குடும்பத்தின் பழைய பங்களா கல்யாண மண்டபமாகியிருப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். அந்த விளம்பரப் படத்தில் அதே யானைகள்.

ஈப்போவிலும் இப்படிப்பட்ட மாளிகைகள் உண்டு. ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்த சீன முதலாளிகள் கட்டியவை. சிலவற்றை அருங்காட்சியகமாக்கி, நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, தள்ளி நின்று பார்க்கச் சொல்வார்கள். சித்தூரில் கயிறெல்லாம் இல்லை. யானையின் தும்பிக்கையில் சீரியல் விளக்குச் சுற்றியிருந்தார்கள். பர்மாத் தேக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கேஸ் சிலிண்டரை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பூக்கோலம் போட்ட பழைய தரைக்கற்களின் மேல் பாயசம் சிந்தியிருந்தது. வீடு சந்தோஷமாகத்தான் இருப்பதாகத் தோன்றியது.

கை கழுவிவிட்டு முகப்புக்கு வந்து, படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். யானைகள் சரி, தூண்கள் சரி. இரும்புப் படிக்கட்டு மட்டும் வலது பக்கத்தில் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்கோங்க. பிரேம்ல கீறீங்க."

மணமக்களை யானைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்தான் முனிரத்தினம். நாற்பது வயதிருக்கும். நகரிப் பக்கத்துத் தமிழர். கல்யாண வீடியோ எடுப்பதுதான் தொழில். நான் விஷயத்தைச் சொன்னதும் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, மாடிப்படி அந்தாண்ட கீது? இங்க இந்தாண்ட இல்ல கீது!"

"அதுதான் எனக்கும் புரியல."

"இதே மாரி இன்னும் ரெண்டு பங்களா கீது. திருப்பதில ஒண்ணு, இப்ப லேடீஸ் ஹாஸ்டலா கீது. புத்தூர்ல ஒண்ணு. ஆலைக்காரருக்கு மூணு புள்ளைங்க."

மண்டபத்து மேலாளர் குறுக்கே வந்தார். "இதுதாம்மா அசல். மத்த ரெண்டும் இதப் பாத்துக் கட்டுனது" என்றார் அழுத்தமாக. முனிரத்தினம் என் படத்தைத் தன் கைபேசியில் பிடித்துக்கொண்டு, என் எண்ணை வாங்கி, மற்ற இரண்டு வீடுகளின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு மணமக்களிடம் ஓடினார்.

மறுநாள் காலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கேழ்வரகுக் களியும் கடலைச் சட்னியுமாகப் பசியாறினேன். அங்கே அதற்குச் சங்கட்டி என்று பேர். மென்றால் பல்லில் ஒட்டுகிறது. விழுங்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர் சைகையில் சொல்லிக்கொடுத்தார். பேருந்துப் பலகைகளில் ஓர் எழுத்தைக்கூட என்னால் அடையாளம் காண முடியவில்லை. தெலுங்கு எழுத்து தமிழுக்குப் பங்காளி முறை, பார்த்தால் பாதியாவது புரியும் என்று எப்படியோ நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"புத்தூர்" என்றேன் நடத்துநரிடம். தலையாட்டிச் சீட்டுக் கிழித்தார். அரை மணி நேரத்தில் வண்டி ஒரு கூட்டு ரோட்டில் நின்றது. "திகண்டி, திகண்டி" என்று என்னையே பார்த்துக் கத்தினார். இறங்கச் சொல்கிறார் என்று மட்டும் விளங்கியது. இறங்கினேன். வண்டி போய்விட்டது. கண்ணுக்கு எட்டியவரை மாந்தோப்புதான். டீக்கடைக்காரரிடம் யானை பங்களா எங்கே என்று கேட்டேன்.

"இது புத்தூர் இல்லம்மா, பூத்தலபட்டு!" என்றார் அவர் தமிழில். "புத்தூர் அந்தப் பக்கம். இங்கருந்து போற வண்டியெல்லாம் திருப்பதிக்குத்தான்."

சரி, வருகிற வண்டியில் ஏறுவோம், திருப்பதி பங்களாவையே முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

திருப்பதியில் நான் எதற்கு வந்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டோக்காரரிடம் நான் காட்டிய விலாசத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. "தரிசனம்" என்று அவராகவே சொல்லிக்கொண்டு மலைக்குப் போகும் பேருந்துகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். இரண்டாவது ஆட்டோக்காரரும் அதையே செய்தார். எங்கள் நாட்டுப் பத்துமலையில் தைப்பூசத்துக்கு மட்டும் பார்க்கிற மொட்டைத் தலைகள் இங்கே சாதாரணமாக நின்று டீ குடித்தன. ஒரு கணம், நாம் மலைக்குப் போகத்தான் வந்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது ஆட்டோக்காரரிடம் "லேடீஸ் ஹாஸ்டல்" என்றேன். அவர் என் நரைத்த தலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

திருப்பதி பங்களா மாணவிகள் விடுதியாக இருந்தது. யானைத் தந்தங்களுக்கு நடுவே கொடி கட்டி, துண்டுகளும் சுடிதார்களும் உலர்ந்துகொண்டிருந்தன. வார்டன் அம்மாள் தெலுங்கில் பேசினார். வேலூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் மொழிபெயர்த்தாள்.

"வெளியாட்களை உள்ளே விடுவதில்லையாம், ஆன்ட்டி."

"வெளியில் நின்றே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும்மா."

"எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்."

நான் படத்தைக் காட்டினேன். வார்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தானே கேட்டைத் திறந்து என்னை உள்ளே இழுத்தார். ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றி ஈரத் தலையோடு பத்துப் பெண்கள். "ஆன்ட்டி, மலை இருக்கு பாருங்க, இங்கேயும் பின்னாடி மலை இருக்கு!" "அந்த அக்கா யாரு, உங்க அம்மாவா?" "அவரோட லவ்வரா?" வேலூர்ப் பெண் கடைசிக் கேள்வி கேட்டவளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

எல்லாரும் சேர்ந்து வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தோம். இரும்புப் படிக்கட்டு இங்கேயும் வலது பக்கத்தில் இருந்தது.

"இந்த வீடுதான் முதலில் கட்டியது, சித்தூரில் இருப்பது இதன் நகல் என்று வார்டன் சொல்கிறார்" என்றாள் வேலூர்ப் பெண். பிறகு தன் சந்தேகத்தையும் சேர்த்துக்கொண்டாள்: "மூணும் ஒரே மாதிரின்னா, ஒருவேளை நாலாவது பங்களா ஒண்ணு இருக்குமோ, ஆன்ட்டி?"

லாட்ஜுக்குத் திரும்பும்போது என் மனதில் அந்த நாலாவது பங்களாதான் நின்றது. எங்கோ ஒரு வீடு. அதில் அப்பாவுக்கு ஒரு கல்யாணம். நானும் தம்பியும் அறியாத ஒரு குடும்பம். எனக்கு அக்காவோ அண்ணனோ இருந்தால் இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். எதிரே வந்த பெரியவர்களின் முகத்தில் அப்பாவின் மூக்கைத் தேடினேன். இரண்டு பேரிடம் இருந்தது.

சாயங்காலம் முனிரத்தினம் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க நைனா சொக்காயில ஜேபு எந்தப் பக்கம் கீது, பாருங்க."

பார்த்தேன். "அவரோட வலது மார்புல."

"சொக்காய்க்கு ஜேபு எந்தப் பக்கம் வெச்சித் தெப்பாங்க?"

இடது பக்கம் என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருடம் நோயாளியின் கைக்குப் பக்கத்தில் 'இடது', 'வலது' என்று ஈய எழுத்து வைத்துவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறேன். அதை மறந்த பயிற்சிப் பெண்களை அழும்வரை திட்டியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்ததைக்கூட இந்தப் பக்கத்து வழக்கமாக்கும் என்று விட்டிருந்தேன்.

"திருப்பிப் போட்டு பிரிண்ட் பண்ணிக்கிறாங்கக்கா. அவ்ளோதான்."

"அப்படின்னா மாடிப்படி வலது பக்கம்."

"ஆமா."

"அப்போ சித்தூரும் பொருந்துது, திருப்பதியும் பொருந்துது."

"ஆமாக்கா" என்றார் அவரும் சற்றுக் குழப்பத்தோடு. அதுவரை எதுவும் பொருந்தாமல் இருந்தது. இப்போது எல்லாமே பொருந்தியது. இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. "ஆனா அந்த மலை கீது பாருங்க, அதத் திருப்பிப் போட்டா எங்க நகரி மூக்கு மலை மாரியே கீது. நாளைக்கு எனக்கு நகரில ஒரு மஞ்ச நீராட்டு. காலைல புத்தூர்ல எறங்கி நில்லுங்க. நான் வரேன்."

அம்மாவைக் கூப்பிட்டுப் படம் திரும்பியிருக்கிற விஷயத்தைச் சொன்னேன். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அம்மா கேட்டுவிட்டு, "பக்கம் மாறிட்டா ஆளு மாறிடுமா?" என்று ஒரே கேள்வியில் போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் புத்தூர்ப் பேருந்தில் எனக்கு முன்னும் பின்னும் கையில் காலில் கட்டுப் போட்டவர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட இங்கேதான் வருவார்களாம். பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் எக்ஸ்ரே உறை இருந்தது. கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் இடது வலது சரியாகக் குறித்திருந்தது. "டாக்டரம்மாவா?" என்றார். "படம் எடுக்கிறவள்" என்றேன். அவர் என்னைச் சினிமாக்காரி என்று நினைத்துக்கொண்டார் போல, தலையை வாரிக்கொண்டார்.

முனிரத்தினத்தின் பைக்கில் ஏறி ஊருக்கு வெளியே போனோம். புத்தூர் பங்களாவின் சுற்றுச்சுவர் பாதி விழுந்திருந்தது. ஒரு யானைக்குத் தந்தம் இல்லை. மாடி ஜன்னல்கள் பலகை அடித்து மூடிக் கிடந்தன. பின்னால், மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்த ஆளைப் போல மலை. நான் முனிரத்தினத்தின் கைபேசியில் திருப்பிப் போட்ட படத்தைத் தூக்கிப் பிடித்தேன். மலை மலையோடு சேர்ந்தது. படிக்கட்டு படிக்கட்டோடு சேர்ந்தது. அப்பா நின்ற இடத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது.

ஸ்கூட்டர்காரர் உள்ளேயிருந்து வந்தார். பெயர் சலபதி. ஆலையைத் தொடங்கியவரின் பேரன். அறுபது வயதிருக்கும். கீழே இரண்டு அறைகளில் தனியாக இருக்கிறார். மீதி வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். ஆலை எப்போதோ நின்றுபோய், அந்த இடத்தில் வீட்டு மனைகள் வந்துவிட்டன. தெலுங்கர்தான், தமிழும் நன்றாகப் பேசினார். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"மூணு பிள்ளைங்களுக்கும் ஒரே அளவு வீடு. ஒரு அங்குலம்கூடக் கூடக் குறைய இருக்கக் கூடாதுன்னு தாத்தா கயிறு வெச்சு அளந்தாரு. அப்படியும் சண்டை வந்துச்சு. எதுக்குத் தெரியுமா? சித்தூர் யானைக்குத் தும்பிக்கை கொஞ்சம் ஒசரமா இருக்குதுன்னு எங்க அப்பா அண்ணன்கிட்ட ரெண்டு வருஷம் பேசல."

"மூணுல எதுங்க அசல்? சித்தூர்ல அவங்களுதுன்னாங்க, திருப்பதியில அவங்களுதுன்னாங்க."

"மூணுமே இல்லம்மா. தாத்தா ஒரு காலண்டர்ல இந்த மாதிரி பங்களா பாத்தாரு. அது எந்த ஊர்ல இருக்குதோ, அதுதான் அசல்."

நான் படத்தை நீட்டினேன். அவர் பார்த்ததும் எழுந்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பூட்டியிருந்த கூடத்தைத் திறந்தார். வௌவால் நாற்றம். சுவரில் ஆள் உயரச் சட்டத்துக்குள் ஒரு கல்யாணப் படம். அதே முகப்பு, அதே யானைகள், அதே மலை. என் அப்பா நின்ற இடத்தில் தலைப்பாகையோடு ஒரு மாப்பிள்ளை. அந்தப் பெண் நின்ற இடத்தில் வேறு ஒரு பெண், இன்னும் அதிக நகையோடு.

"எங்க அப்பா, அம்மா" என்றார் சலபதி. "மெட்ராஸ்ல இருந்து படக்காரர் வந்தாராம். கேமரா துணிக்குள்ள தலைய விட்டா எடுக்கவே மாட்டாராம். கல்யாணப் பொண்ண எவ்வளவு நேரம் வெயில்ல நிறுத்துறது? அதனால மொதல்ல வேலைக்காரப் பொண்ணுக்கு எங்க அம்மா பொடவையக் கட்டி நிறுத்துனாங்க. மாப்பிள்ளை ஒசரத்துக்கு ஆலையிலிருந்து ஒரு பாய்லர் ஆளக் கூட்டிக்கிட்டு வந்து பக்கத்துல நிறுத்துனாங்க. வெளிச்சம் பாக்கறதுக்கு, அவ்வளவுதான். அத ஒரு காப்பி போட்டுப் பாத்திருக்காரு, அதுவும் எடம் வலம் மாறி வந்துடுச்சு. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அந்தக் காப்பி என்ன ஆச்சு?"

"குப்பையில போட்டிருப்பாங்கன்னு நெனச்சோம்." அவர் என் கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்தார். "இது சம்பூரணம். எங்க வீட்டுலதான் வேலை செஞ்சிது. அப்புறம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஆயா வேலை கெடச்சுப் போயிடுச்சு. இப்பவும் நகரிகிட்டதான் இருக்குது."

"பக்கத்தில் நிற்கிறவர் என் அப்பா. கோவிந்தசாமி."

சலபதி சங்கடப்பட்டார். "பாய்லர் ஆளுங்கள யாரு ஞாபகம் வெச்சிருப்பாங்கம்மா?" என்றார், மெதுவாகத்தான்.

அப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் நடக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெரிய சட்டத்துக்கு முன்னால் என் கையிலிருந்த சின்னப் படத்தைத் தூக்கிப் பிடிக்கத் தோன்றவில்லை. அதுவரை என் மனதில் அவர் ஒரு ரகசியத்தை மறைத்தவர். இப்போது வெயிலில் யாருக்கோ பதிலாக நிறுத்தப்பட்ட பையன். எந்த அப்பா மேல் எனக்குக் கோபம், எந்த அப்பா மேல் பாவம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நகரியை நெருங்கும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தெருவுக்குத் தெரு அந்தத் தடதடப்பு. சம்பூரணம் அம்மாள் தன் வீட்டில் தெலுங்குத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு நிமிர்ந்த முதுகு. வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "முடியட்டும், குந்துங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பிக்கொண்டார். தொடரில் ஒரு மருமகள் மயங்கி விழுந்ததும் விளம்பரம் வந்தது. அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா விசயம்?"

படத்தைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அய்யோ, இது நானு!" என்றார். "நான்தான் இது! பாரேன், எவ்ளோ மயிரு கீது எனக்கு!" படத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவருடைய கட்டைவிரல் அப்பாவை முழுக்க மறைத்திருந்தது. "இந்தப் பொடவ அம்மாவுது. வேர்வ பட்டுச்சின்னா தோல உரிச்சிடுவேன்னு சொல்லிக்கினே கீறா ஒர்த்தி. நான் மூச்சே வுடாம நிக்கிறேன்."

"பக்கத்தில் நிற்கிறவரைத் தெரியுமாம்மா?"

"யாரு?" விரலை நகர்த்திப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே கவனித்தேன். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசலைத் தேடுகிற மாதிரி தேடினேன். ஒன்றும் இல்லை. "தெர்ல கண்ணு. மில்லுலேர்ந்து யாரையோ இட்டுக்கினு வந்து நிக்க வெச்சாங்க. ஒரே எண்ண நாத்தம். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"பேசுனா படம் கெட்டுப்பூடும்னு சொல்லிட்டாங்களே!"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இன்னா? பொடவைய அவுத்துக் குடுத்துட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்ட்டேன்." மறுபடி விரல் அப்பாவின் மேல் ஏறியது. "எனக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பியா? என் சின்ன வயசுப் படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. எங் கல்யாணத்துல படம் புடிக்க யாரு கீறாங்க?"

எங்கள் வீட்டிலும் அப்பாவின் இளவயதுப் படம் வேறு கிடையாது. இருப்பதில் பழையது அடையாள அட்டையில் இருப்பதுதான், அதிலேயே அவருக்கு நெற்றி ஏறிவிட்டது. அப்பாவும் தன்னைப் பார்க்கத்தான் இதை வைத்திருந்தாரா? அல்லது எண்ணெய் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்கவா? கேட்க ஆள் இல்லை. முனிரத்தினம் அதற்குள் தன் கைபேசியில் சம்பூரணத்தின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் நான் சொல்லவே வேண்டாம் என்று வீடியோ அழைப்பைப் போட்டுச் சம்பூரணம் அம்மாள் கையில் கொடுத்துவிட்டேன். முதலில் அம்மாவின் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிந்தன. பிறகு முகம் வந்தது.

"வணக்கங்க. படத்துல இருக்கிறது நீங்கதானா?"

"ஆமா தாயி, நான்தான்."

"எங்க வீட்டுக்காரர உங்களுக்குத் தெரியுமா?"

அம்மாவின் குரல் இறுகியிருந்தது. படம் கிடைத்த நாளிலிருந்து என்னிடம் பேசிய அதே குரல்.

"சத்தியமாத் தெர்லம்மா. என் பக்கத்துல நின்னாரு, அவ்ளோதான்" என்றார் சம்பூரணம். பிறகு ஊர்க் கதை கேட்கிற ஆவலோடு சேர்த்துக்கொண்டார்: "இன்னா மாரி ஆளு அவரு?"

அம்மா கைபேசியை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"அவரா?" என்றார் அம்மா. "கோவக்காரரு. ஆனா சாப்பாட்டுல உக்காந்துட்டா ஒரு வார்த்தை கோவமா பேச மாட்டாரு. உப்பு இல்லன்னாகூடச் சொல்ல மாட்டாரு. நான் சாப்பிட்டுப் பாத்துட்டு, ஏங்க சொல்லலன்னு கேட்டா, நீயே கண்டுபிடிப்பேன்னு தெரியும்பாரு."

"அய்ய! அப்பறம்?"

"நான் மொதப் பிரசவத்துல படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பூரா நின்னாருங்க. உள்ளார வரல. வேலை உடுப்புல மிஷின் எண்ணெய் வாடை அடிக்குதுன்னு வெக்கம்."

முதல் பிரசவம் என்றால் நான். இது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முனிரத்தினம் என் தோளைத் தொட்டு வெளியே போகலாம் என்று ஜாடை காட்டினார். வாசலில் அவருடைய பைக்கில் சாய்ந்து நின்றோம். மஞ்சள் நீராட்டு வீட்டிலிருந்து அவருக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. "தோ வந்துக்கினே கீறேன்" என்று இரண்டு முறையும் சொல்லிவிட்டு நகராமல் நின்றார். தறிச் சத்தத்துக்கு நடுவே, உள்ளேயிருந்து சம்பூரணத்தின் "ம்", "அப்பறம்", "அப்டியா" கேட்டுக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சியை அவர் அணைத்திருந்தார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கைபேசி என்னிடம் வந்தபோது அது சுட்டது.

"நீ என்னிக்கு வர்றே?" என்றார் அம்மா.

"வெள்ளிக்கெழமைம்மா."

"வந்ததும் மார்க்கெட்டுக்குப் போயி நல்ல நெத்திலியாப் பார்த்து வாங்கிட்டு வா. சம்பல் வைக்கணும். அது இல்லாம அவரு இலையில உக்கார மாட்டாரு."

"தெவசம் செய்யறோமா அப்போ?"

"என்னா கேள்வி இது? செய்யாம விடுவாங்களா?" என்று கோபித்துக்கொண்டார், வேண்டாமென்று சொன்னது நான்தான் என்பதைப் போல.